புல் முடிந்து வைத்த வழி
(ஆற்றுப்படை இலக்கியமும் நம் வட்டாரத்து நடைவழி நூலும்)

முன்னுரை

வழி தெரிந்தவர் தெரியாதவர்க்கு வழி சொல்லுதல் உலகெங்கும் உள்ள வழக்கம். அவ்வழக்கத்தையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த பெருமை தமிழுக்கு உண்டு. ஆற்றுப்படை என்னும் அவ்வகையை நாம் வகுப்பறையில் பயில்கிறோம். பாணன் வறுமை, வள்ளல் கொடை, யாழின் வருணனை எனப் பகுத்துத் தேர்வில் எழுதுகிறோம். எழுதியபின் பேருந்தேறி ஊர் திரும்புகிறோம். அப்பேருந்து கடந்து செல்லும் கண்மாய்க் கரையும் கல் மண்டபமும் பழஞ்சாவடியும் நம் கண்ணில் படுவதில்லை.

ஆற்றுப்படை என்பது அடிப்படையில் நடப்பவர்க்காக எழுந்த வழிநூல் என்பதும், அத்தகைய நூல் ஒன்று இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு இன்று தேவை என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

ஆற்றுப்படை: பெயரும் பொருளும்

'ஆறு' என்பது வழி. 'படுத்தல்' என்பது செலுத்துதல். பரிசில் பெற்று மீளும் கலைஞர் ஒருவர், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞரைத் தாம் சென்று வந்த வழியில் செலுத்துவது ஆற்றுப்படையாகும். தொல்காப்பியப் புறத்திணையியல் கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோரைச் சுட்டி இதற்கு இலக்கணம் வகுக்கின்றது. பத்துப்பாட்டில் சரிபாதியாகிய ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளே. பொருநராற்றுப்படை 248 அடி, சிறுபாணாற்றுப்படை 269 அடி, திருமுருகாற்றுப்படை 317 அடி, பெரும்பாணாற்றுப்படை 500 அடி, கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம் 583 அடி.

வழி சொல்பவர் தாமே நடந்து வந்தவர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பிறர் சொல்லக் கேட்டதை அவர் திருப்பிச் சொல்லவில்லை. எங்கே கால் வழுக்கும், எங்கே சோறு கிடைக்கும், எந்த ஊரார் எப்படி வரவேற்பர் என்பவற்றைத் தம் அனுபவத்திலிருந்தே உரைக்கின்றார். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும், ஆமூரில் நண்டுக் கறியோடு வெண்சோறும் கிடைக்கும் என்று ஊர்தோறும் உணவு சொல்லப்படுகின்றது. பசியோடு நடப்பவனுக்கு இதனினும் பயனுள்ள செய்தி யாது?

மலைபடுகடாம் என்னும் நடைவழி நூல்

ஐந்தனுள்ளும் நடைவழி நூல் என்னும் பெயருக்கு முற்றிலும் உரியது மலைபடுகடாம். இரணியமுட்டத்துப் பெருங்கௌசிகனார் செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடிய பாட்டு இது. வழியின் அளவு, தங்கும் இடம், உணவு, மலையின் இயல்பு, காட்டின் அச்சம் ஆகியவற்றை இப்பாட்டு முறையாகச் சொல்லிச் செல்கின்றது.

தினைப்புனத்துக்கு வரும் பன்றியைப் பிடிக்கக் கல்லால் ஆன பொறிகளை வைத்திருப்பர். ஆகவே இருளில் செல்லாது விடிந்தபின் செல்லுங்கள் என்கிறது. பரண்மேல் இருக்கும் கானவர் யானையை ஓட்டக் கவண்கல் எறிவர். மரங்களின் மறைவில் ஒதுங்கிச் செல்லுங்கள் என்கிறது. பாசி படிந்து வழுக்கும் இடங்களில் கொடிகளைப் பற்றிக்கொண்டு நடக்கச் சொல்கிறது. காட்சிகளில் மயங்கி நெறி தவற வேண்டா என்றும் எச்சரிக்கின்றது. இவை அனைத்தும் வெறும் வருணனை அல்ல. ஒருவர் உயிரைக் காக்கும் குறிப்புகள்.

இவற்றுள் என் நெஞ்சை நீங்காத குறிப்பு ஒன்று உண்டு. வழி பல கிளையாகப் பிரியும் இடத்தை அடைந்தால், அவ்விடத்தைக் கையால் துடைத்துச் சீர்செய்து, புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுங்கள் என்று அப்பாட்டு கூறுகின்றது. அந்நிலத்தை முன்பு அறியாத புதியவர்க்கே இது சொல்லப்படுகின்றது. வழி கேட்டு நடப்பவனும் தனக்குப் பின்னே வருபவனுக்கு வழிகாட்டியாக வேண்டும் என்பது இதனால் பெறப்படும். வழிநூலின் அறம் முழுவதும் இந்த ஒரு செயலில் அடங்கிவிட்டது எனலாம்.

மதுரைக்கு மூன்று வழி

வழிநூல் மரபு சங்கப் பாட்டோடு நின்றுவிடவில்லை. சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன், கொடும்பாளூரை அடுத்து மதுரைக்குச் செல்லும் வழி சூலம் போல் மூன்றாகப் பிரிவதைக் கோவலனுக்கு உரைக்கின்றான். வலப்பக்க வழி வறண்ட மரங்களையும் சிறுமலையையும் உடையது. இடப்பக்க வழி திருமால் குன்றத்தையும் பொய்கைகளையும் உடையது. இடைப்பட்ட வழி நல்லதாயினும் மயக்கும் தெய்வம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வழிக்கும் உரிய பயனையும் இடரையும் எடுத்துரைத்து, தேர்ந்துகொள்ளும் உரிமையை நடப்பவரிடமே விடுகின்றது அக்காதை. நல்ல வழிநூலின் இலக்கணம் இதுவே.

இசுலாமியத் தமிழ்ப் புலவர்களும் இம்மரபைப் போற்றினர். நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833 – 1908) இயற்றிய புலவராற்றுப்படை, 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்துக்குப் புலவர்களை ஆற்றுப்படுத்துகின்றது. பழைய ஆற்றுப்படை கலைஞரை வள்ளலிடம் செலுத்தியது. நாவலரின் ஆற்றுப்படையோ புலவரைத் தமிழ் ஆயும் மன்றத்துக்குச் செலுத்தியது. பொருள் மாறினும் மரபு மாறவில்லை. இது நம் கல்லூரி மாணவர் பெருமையோடு நினைவில் கொள்ள வேண்டிய செய்தியாகும்.

கையேடுகளும் நம் வட்டாரமும்

ஆங்கிலேயர் ஆட்சியில் மாவட்டந்தோறும் கையேடுகளும் விவரச் சுவடிகளும் எழுதப்பெற்றன. அவை ஆட்சியாளர்க்கு எழுதப்பட்டவை எனினும், ஊர்ப்புற வரலாறு தேடுவோர்க்கு இன்றும் முதல் துணையாக உள்ளன. இவ்வகையில் திருவில்லிபுத்தூர் வட்டத்துக்கு நேர்ந்தது ஒரு தனிக்கதை.

அவ்வட்டம் முன்பு திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. எனவே 1906இல் பிரான்சிசு வெளியிட்ட மதுரை மாவட்டச் சுவடியில் அதற்கு இடமில்லை. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதனோடு சேர்க்கப்பட்டது. ஆகவே 1917இல் பேட் வெளியிட்ட திருநெல்வேலி மாவட்டச் சுவடியிலும் அவ்வட்டத்துக்குத் தனி இடம் இல்லாது போயிற்று. 1879இல் ஸ்டூவர்ட் எழுதிய திருநெல்வேலிக் கையேட்டுக்குப் பின், 1972இல் இராமநாதபுரம் மாவட்டச் சுவடி வரும்வரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நம் வட்டாரம் இரண்டு ஏடுகளுக்கு இடையில் நழுவிக் கிடந்தது. 1985இல் மாவட்டம் மீண்டும் பிரிந்து, இப்பகுதி இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது.

தமிழில் சோமலெ மாவட்டங்களைப் பற்றித் தனித்தனி நூல்கள் எழுதினார். தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் 'வேங்கடம் முதல் குமரி வரை' என்னும் தொகுதிகளில் கோயில்களை அறிமுகம் செய்தார். தி. ஜானகிராமனும் சிட்டியும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971இல் வெளிவந்தது. தலைப்பில் நடப்பது காவிரி. ஆசிரியர்களோ பெரும்பாலும் காரில் சென்றனர். குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நடப்பவரின் காலடி அளவில் எழுதப்பெற்ற நூல்கள் நம்மிடம் மிகக் குறைவு என்பதைச் சுட்டவே சொல்கிறேன்.

மேலைநாட்டில் ஓர் எடுத்துக்காட்டு

இங்கிலாந்தில் ஆல்பிரட் வெயின்ரைட் என்பவர் கெண்டல் நகராட்சியின் பொருளாளராகப் பணியாற்றினார். ஏரி மாவட்டம் எனப்படும் மலைப்பகுதியின் 214 குன்றுகளை விடுமுறை நாள்களில் நடந்து நடந்து ஆராய்ந்தார். அவர் கார் ஓட்டியதில்லை. பேருந்தில் சென்றே மலையேறினார். ஒவ்வொரு பக்கத்தையும் தம் கையாலேயே எழுதி, படமும் தாமே வரைந்து, 1955 முதல் 1966 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். பாதைகள் மாறிவிட்டமையால் 2005 முதல் வேறொருவர் அவற்றைத் திருத்திப் பதிப்பித்தார். வழிநூலுக்கும் முதுமை உண்டு. ஒருவர் முடிந்த புல்லை மற்றொருவர் புதுப்பித்து முடிய வேண்டும் என்பதை இது காட்டுகின்றது.

மற்றொன்றும் கருதத்தக்கது. அந்நாட்டில் 1949ஆம் ஆண்டுச் சட்டம் பொது நடைபாதைகளை வரைபடத்தில் பதிந்து வைக்க வேண்டும் என விதித்தது. பதிவு இருந்தால்தான் வழி நிலைக்கும் என்பது அங்கே உணரப்பட்டது. நம் கிராம வரைபடங்களிலும் வண்டிப்பாதைகள் குறிக்கப்பட்டே உள்ளன. ஆயினும் நடப்பார் அற்றுப்போனதால் அவற்றுள் பல வேலியாகவும் வயலாகவும் மாறிவருவதைக் கண்முன் காண்கிறோம்.

நன்னாவின் சுமைதாங்கி

இவ்விடத்தில் என் குடும்பத்துச் செய்தி ஒன்றைக் கூற வாசகர் இசைவு தருவாராக. நாங்கள் 'நன்னா' என்றழைத்த என் தாய்வழிப் பாட்டனார் தலைச்சுமையாக ஜவுளி விற்றவர். திருவில்லிபுத்தூரிலிருந்து மம்சாபுரம் வழியாக இராசபாளையம் வரை ஊர் ஊராக நடப்பார். எந்தக் கிணற்று நீர் இனிக்கும், எந்தக் கண்மாய்க் கரை மழைக்காலத்தில் உதவாது, எந்தச் சாவடியில் இரவு தங்கலாம் என்பவை அவருக்கு மனப்பாடம். நண்பகல் தொழுகைக்கு நேரமானால் ஒளுச் செய்ய நீர் கொடுத்துத் தம் திண்ணையையும் ஒழித்துக் கொடுத்த இந்துக் குடும்பங்களை அவர் பெயர் சொல்லி வாழ்த்துவார்.

அவ்வழியில் எழுத்து வெட்டிய சுமைதாங்கிக்கல் ஒன்று இருப்பதாகவும், அதில் மூட்டையை இறக்கி வைத்துத்தான் தாம் இளைப்பாறுவது வழக்கம் என்றும் அவர் சொல்வதுண்டு. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது நம் நாட்டு வழக்கம். பணியில் சேர்ந்த புதிதில் நான் ஒருநாள் அவ்வழியே சென்று அக்கல்லைக் கண்டேன். மாலை ஒளியில் இரண்டொரு எழுத்துகள் தெரிந்தன. பிறகு தாளும் கரியும் கொண்டு வந்து படியெடுக்கலாம் என்று எண்ணித் திரும்பினேன். எந்த ஊர் எல்லை, எந்த மடைக்கு அருகில் என்றுகூட ஏட்டில் குறிக்கவில்லை. ஆண்டுகள் சில கழிந்து மீண்டும் சென்றபோது சாலை அகன்றிருந்தது, கல் இல்லை. இருந்த இடத்தைச் சுட்ட எனக்கும் இயலவில்லை. நன்னா அதற்கு முன்பே வஃபாத்தாகிவிட்டார்.

யாருடைய நினைவுக்காக அக்கல் நடப்பட்டதோ, அந்தப் பெண்ணின் பெயர் அதோடு மறைந்தது. ஆண்டுதோறும் மலைபடுகடாம் நடத்தும் ஆசிரியன், கவர்த்த வழியில் ஒரு புல்லைக்கூட முடிந்து வைக்கவில்லை. இக்கட்டுரை எழுந்ததற்கு அதுவே காரணம்.

நம் வட்டாரத்தில் நடந்து காண வேண்டியவை

திருவில்லிபுத்தூர் என்றதும் 192 அடி உயரமும் 11 நிலையும் கொண்ட கோபுரம் நினைவுக்கு வரும். ஆண்டாளும் பெரியாழ்வாரும் பிறந்த ஊர் என்பதால் தமிழ் பயில்வார் அனைவரும் அறிந்த தலம் அது. ஆயின் கோபுரத்தைக் கண்டவர் அருகிலுள்ள திருமலை நாயக்கர் மகாலுக்கும், 1875இல் தொடங்கப்பெற்ற பென்னிங்டன் நூலகத்துக்கும், மடவார்வளாகத்து வைத்தியநாதர் கோயில் தெப்பத்துக்கும் நடப்பதில்லை. ஒரு காலைப்பொழுதில் நடந்து முடிக்கத்தக்க வட்டம் இது.

மதுரைச் சாலையில் ஆங்காங்கே காணும் கல் மண்டபங்களைப் பற்றிச் செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. திருவில்லிபுத்தூரில் பூசை முடிந்ததை முரசொலியால் மண்டபம் விட்டு மண்டபம் அறிவிக்க, மதுரையில் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623 – 1659) அதன் பின்னரே உணவு கொள்வார் என்பர். மக்கள் சொல்வது இது. அம்மண்டபங்களைத் தேடி நடந்து, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தொலைவை அளந்து, முரசொலி எட்டுமா எனச் சிந்திப்பது மாணவர்க்கு உரிய ஆய்வு.

இராசபாளையத்தில் பழையபாளையம், புதுப்பாளையம் என்னும் பெயர்களே குடியேற்ற வரலாற்றைச் சொல்லும். சென்னை மாநில முதல்வராக 1949 முதல் 1952 வரை இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே வழங்கி உருவான காந்தி கலை மன்றம் அங்குள்ளது. நகருக்கு மேற்கே மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் மலையடிவாரம் வரை பரந்துள்ளன. சப்பட்டை மாம்பழத்தை உண்ணும் நாம், அத்தோப்புகளுக்கு நீர் தரும் கால்வாய் எங்கே தொடங்குகிறது என்று நடந்து பார்த்ததுண்டா?

இரண்டு நகரங்களுக்கும் இடையே நெடுஞ்சாலை வழியே 12 கிலோமீட்டர் அளவே தொலைவு. பேருந்தில் அரைமணிக்குள் முடியும் அவ்வழியை மம்சாபுரம் சுற்றி நடந்தால் ஒரு பகல் ஆகும். அந்த ஒரு பகலில் கண்மாயின் கரை, மடை, கலுங்கு, உள்வாய் என்னும் சொற்கள் அகராதியை விட்டு இறங்கிக் கண்முன் நிற்கும். கலுங்கு வழியே மேற்கண்மாயின் மிகுநீர் கீழ்க்கண்மாய்க்கு இறங்கும் முறையைக் கண்டவர்க்கு, நம் முன்னோரின் நீர் மேலாண்மையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

மலைக்குள் செல்லுதல் வேறு. செண்பகத்தோப்பும் காட்டழகர் கோயிலும் அமைந்த அம்மலைப்பகுதி 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாயிற்று. 2021இல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. வனத்துறையின் இசைவின்றி அங்கே வழி தேடலாகாது. சதுரகிரி மலையில் 2015 மே மாதத்தில் ஓடைகளில் திடீரெனப் பெருகிய வெள்ளம் வழிபடச் சென்றோர் உயிரைக் கொண்டது. அடிவாரத்தில் வெயில் காயும்போதே மேலே பெய்த மழை ஓடையில் இறங்கிவிடும். யானைகள் தோப்புகளுக்கு இறங்கும் காலமும் உண்டு. இத்தகைய இடர்களைச் சொல்லாத வழிநூல் வழிநூல் ஆகாது. கவண்கல்லையும் பொறிகளையும் மறவாது சொன்ன பெருங்கௌசிகனார் இதில் நமக்கு ஆசிரியராவார்.

நடைவழி நூல் எழுதும் முறை

கைப்பேசி வரைபடம் இருக்க நூல் எதற்கு என மாணவர் வினவலாம். கைப்பேசி ஊர்திக்கு உரிய சாலையைக் காட்டும்; சாலையோரக் கல் யாருடைய நினைவு என்பதைக் காட்டாது. மலையடிவாரத்தில் பல இடங்களில் அதற்கு அலைவரிசையும் கிட்டாது. எனவே நாமே எழுத வேண்டும். அதற்குச் சில நெறிகள் உள.

முதலாவது, கிராம வரைபடத்தைக் கையில் கொள்ளுதல். ஓடை, கண்மாய், வண்டிப்பாதை ஆகியவற்றை அது புல எண்ணோடு காட்டும்.

இரண்டாவது, முதியோரைக் கேட்டல். ஆடு மேய்ப்பவர், நீர்ப்பாய்ச்சி, பழைய தலைச்சுமை வணிகர் ஆகியோர் அறிந்த வழியை எந்த அலுவலகமும் அறியாது.

மூன்றாவது, ஒரே வழியைப் போகவும் வரவும் நடத்தல். போகும்போது தெளிவாகத் தோன்றும் பிரிவு, வரும்போது மயக்கும்.

நான்காவது, நிலைத்த அடையாளங்களையே சொல்லுதல். தேநீர்க்கடை இடம் மாறும்; கலுங்கும் கிணறும் எளிதில் மாறா.

ஐந்தாவது, கண்டது, கேட்டது, படித்தது என மூன்றாகப் பிரித்து எழுதுதல். செவிவழிச் செய்தியை வரலாறாக்குவது பிழை. அதனைத் தள்ளிவிடுவதும் பிழை. இன்னது இன்னவகை என்று குறித்துவிட்டால் இரண்டு பிழையும் நீங்கும்.

ஆறாவது, நடந்த நாளைக் குறித்தல். பின்னர் வருவோர் எது மாறியது என்று அறிய அது ஒன்றே வழி.

கல்லையும் எழுத்தையும் கண்டால் தொட்டுச் சுரண்டாது, படமெடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பயிர் விளையும் நிலத்தில் உழவர் ஒப்புதலின்றிக் கால் வைத்தல் கூடாது. எச்சமயத்தவர் வழிபடும் இடமாயினும் அவர்தம் முறையறிந்து பணிவோடு செல்ல வேண்டும்.

முடிவுரை

ஆற்றுப்படை கொடையைப் பாடிய இலக்கியம் மட்டும் அன்று. நடந்தவர் நடக்கப் போகிறவர்க்குச் செலுத்திய கடன் என்பதை இதுகாறும் கண்டோம். திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரம் வரலாற்று வளம் மிக்கது. பழைய ஏடுகள் நெடுங்காலம் தவறவிட்ட அதன் வழிகள் இன்று முதியோர் சிலரின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. அவர்கள் இருக்கும்போதே அவை எழுத்தில் ஏற வேண்டும்.

நம் தமிழ்த்துறை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்லும் ஒரு பழைய வழியை மட்டும் நடந்து, நான்கு பக்கம் எழுதித் துறையில் ஒப்படைப்பாராக. அவற்றைத் தொகுத்தால் ஆண்டொன்றுக்கு ஒரு சிறுநூல் ஆகும். ஊர்ப் பெரியோர்களும் தாம் நடந்த வழிகளை வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி உதவ வேண்டுகிறேன். நான் குறிக்கத் தவறிய சுமைதாங்கி இனி மீளாது. அதனினும் பழைய கற்கள் இன்னும் எத்தனையோ கரையோரங்களில் நின்றுகொண்டிருக்கின்றன. அவ்வழியே நடப்பவர் ஒரு புல்லை முடிந்து வைத்தால், பின்வருபவர் தேடிச் சென்று காண்பார்.